கடை கண்ணில் பட்டதும் மூளைக்குள் என்ன நடக்கிறது?



இந்த மாதப் பாடம் குடியைப் பற்றியது. குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்று சுவரிலும் பாட்டிலிலும் எழுதியிருப்பதை நாம் எல்லோரும் படித்தாகிவிட்டது. அதையே திரும்பச் சொல்லப் போவதில்லை. நம் கூட்டங்களில் அடிக்கடி வருகிற வேறொரு கேள்விக்குப் பதில் தேடப் போகிறோம். சேமிப்பு வசூலித்து, உள்கடன் பேசி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு எழுந்திருக்கும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும்.

"பிள்ளை தலையில அடிச்சு சத்தியம் பண்ணினாரு. ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்தாரு. சனிக்கிழமை கூலி வாங்கின கையோட திரும்பப் போயிட்டாரு. பெத்த பிள்ளையை விட பாட்டில் பெருசாப் போச்சா?"

இதற்கு ஊரில் இரண்டு பதில்தான் சொல்வார்கள். ஒன்று, "அவனுக்குக் குடும்பத்து மேல பாசம் இல்ல." இன்னொன்று, "பொண்டாட்டி சரியா இருந்தா அவன் ஏன் போறான்?" முதல் பதில் பாதிதான் உண்மை. இரண்டாவது முழுப் பொய். மூளையைப் பற்றி விஞ்ஞானிகள் எழுபது ஆண்டுகளாகச் செய்துவரும் ஆராய்ச்சிகள் மூன்றாவதாக ஒரு பதிலைத் தருகின்றன. அதைத் தெரிந்துகொண்டால் வீண் சண்டையும் குறையும், வீண் நம்பிக்கையும் குறையும். எங்கே முயற்சி போட வேண்டும் என்பதும் தெரியும்.

படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசியுங்கள். மற்றவர்கள் கேளுங்கள். புரியாத இடத்தில் நிறுத்திப் பேசிவிட்டு மேலே போங்கள்.

1. சுரப்பு முன்னே, யோசனை பின்னே

மாடு வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு இது தெரியும். கன்றை அவிழ்த்துவிட்டதும், பால் பாத்திரம் சத்தம் கேட்டதும் மாட்டுக்கு மடி சுரந்துவிடுகிறது. "இப்போது சுரக்கலாம்" என்று மாடு யோசித்து முடிவு எடுப்பதில்லை. தினமும் அந்தச் சத்தத்துக்குப் பிறகு கறவை நடந்ததால் சத்தமே போதுமென்று ஆகிவிட்டது.

பால் கொடுத்த தாய்மார்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பஸ்ஸில் யார் வீட்டுக் குழந்தையோ அழும். நம் பிள்ளை வீட்டில் பாட்டியிடம் தூங்கும். ஆனாலும் நமக்குப் பால் கசிந்துவிடும். "இது என் பிள்ளை இல்லை" என்று மனசுக்குத் தெரியும், உடம்பு அதற்குக் காத்திருக்காது. நல்லவேளை, இதற்காக யாரும் நம்மைக் குற்றம் சொல்வதில்லை.

உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட மாங்காய் என்று சொன்னாலே வாயில் எச்சில் ஊறுகிறதே, அதுவும் இந்த வகைதான். இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் ரஷ்ய நாட்டு விஞ்ஞானி இவான் பாவ்லோவ். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் நாய்களிடம் இதைக் காட்டினார். ஒரு ஓசையை எழுப்பிவிட்டு உணவு கொடுத்தார். பல நாள் இப்படிச் செய்த பிறகு, உணவே இல்லாமல் ஓசை மட்டும் கேட்டாலும் நாய்க்கு எச்சில் ஊறியது.

இப்படி ஒன்றை நினைவுபடுத்தி, உடம்பையும் மனசையும் முன்கூட்டியே தயார் பண்ணும் காட்சி, வாசனை, சத்தம், இடம், நேரம், ஆள் ஆகியவற்றை இந்தப் பாடத்தில் 'தூண்டல்' என்று சொல்வோம். இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. மூளைக்குள் ஒரு 'வேணும்' இயந்திரம்

1954ஆம் ஆண்டு கனடா நாட்டில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எலியின் மூளையில் ஆழமான ஒரு இடத்தில் மெல்லிய கம்பி பொருத்தி, எலி ஒரு கட்டையை அமுக்கினால் அந்த இடத்தில் இலேசாக மின்சாரம் பாயும்படி செய்தார்கள். எலி அந்தக் கட்டையை விடவே இல்லை. மணிக்கு நூற்றுக்கணக்கான முறை அமுக்கியது. பிறகு நடந்த சோதனைகளில், பசியோடு இருந்த எலிகள்கூடத் தீனியை விட்டுவிட்டு இந்தக் கட்டையையே தேடிப் போயின.

மூளைக்குள் 'இது வேணும், திரும்ப வேணும்' என்று சொல்லும் ஒரு பாதை இருக்கிறது என்று இதிலிருந்து தெரிந்தது. நமக்கும் அந்தப் பாதை இருக்கிறது. அது இல்லாமல் உயிர் வாழ முடியாது. பசித்தவருக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், கணவன் மனைவி உறவு, பிள்ளையின் சிரிப்பு, நாலு பேர் பாராட்டு என்று இயற்கை நமக்குக் கொடுத்த இன்பங்களைத் தேடிப் போக வைப்பது அந்தப் பாதைதான். அந்தப் பாதையில் செய்தி கொண்டுபோகும் இரசாயனங்களில் முக்கியமானதன் பெயர் டோபமைன்.

டோபமைன் எப்போது சுரக்கிறது? சாப்பிடும்போதா, சாப்பாட்டைப் பார்க்கும்போதா? 1990களில் சுவிட்சர்லாந்து நாட்டில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளிடம் இதைச் சோதித்தார். குரங்கின் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் டோபமைன் செல்கள் துடித்தன. பிறகு ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு விளக்கு எரிந்து, அப்புறம் சாறு வரும்படி செய்தார்கள். சில நாளில், விளக்கு எரிந்தவுடனே அந்தச் செல்கள் துடித்தன. சாறு வந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. துடிப்பு சாற்றை விட்டு விளக்குக்கு மாறிவிட்டது!

இன்னொன்றும் பார்த்தார்கள். விளக்கு எரிந்து, சாறு வராமல் போனால், அந்தச் செல்களின் வேலை வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. எதிர்பார்த்தது கிடைக்காத ஏமாற்றம் மூளைக்குள் அப்படிப் பதிவாகிறது. கூலி கையில் இருந்தும் குடிக்காமல் வீட்டுக்கு வந்த முதல் சனிக்கிழமை அவர் ஏன் எரிந்து எரிந்து விழுகிறார் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. வேணும் என்பது வேறு, பிடிக்கும் என்பது வேறு

"இப்பல்லாம் குடிச்சா சந்தோஷமே இல்லைம்மா, ஆனா கால் தானா போகுது." குடிப்பவர்கள் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்போம். பொய் சொல்கிறார் என்று நாம் நினைப்போம். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ், டெரி ராபின்சன் என்ற விஞ்ஞானிகள் எலிகளின் மூளையில் டோபமைன் இல்லாமல் செய்து பார்த்தார்கள். அந்த எலிகள் தீனியைத் தேடிப் போகவே இல்லை. பக்கத்தில் இருந்தாலும் தின்னவில்லை. ஆனால் இனிப்பை வாயில் விட்டால் மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கிச் சுவைத்தன. ருசி போகவில்லை, தேடும் ஆசைதான் போயிருந்தது.

அப்படியென்றால் மூளையில் 'வேணும்' ஒரு தனி வேலை, 'பிடிக்கும்' ஒரு தனி வேலை. குடிநோயில் 'பிடிக்கும்' நாளாக ஆகக் குறைகிறது, 'வேணும்' மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது என்று 1993இல் இந்த இருவரும் எழுதினார்கள். "இதுல அப்படி என்னதான் சுகம் இருக்கு?" என்று நாம் கேட்கும்போது அவரிடம் பதில் இல்லாமல் போவது இதனால்தான்.

4. ஒலிபெருக்கி பக்கத்தில் நின்றவர் காது

1988இல் இத்தாலி நாட்டில் டி சியாரா, இம்பராட்டோ என்ற இருவர் எலிகளுக்கு மது, நிகோட்டின், கொக்கெய்ன், அபின் வகை மருந்துகள் எல்லாவற்றையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு பொருள். ஆனால் எல்லாமே மூளையில் ஒரே இடத்தில் டோபமைனைக் கூட்டின. சோறும் தண்ணீரும் பிள்ளைப் பாசமும் போகிற அதே பாதையில்தான் போதையும் ஏறிப் போகிறது. சோறு வயிறு நிறைந்ததும் 'போதும்' என்று சொல்லிவிடும். போதைக்கு அந்தப் 'போதும்' கிடையாது.

திருவிழாவில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும்? பிள்ளை மெதுவாகக் கூப்பிடுவது காதில் விழாது. பிள்ளை கூப்பிடாமல் இல்லை, காது மந்தமாகியிருக்கிறது. மூளையும் இப்படித்தான் செய்கிறது. நீண்ட நாள் குடித்தவர்களின் மூளையில் டோபமைனை வாங்கிக்கொள்ளும் இடங்கள் குறைந்திருப்பதை அமெரிக்காவின் நோரா வோல்கோவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1990களில் படம் எடுத்துக் காட்டினார்கள்.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், கொக்கெய்ன் பழக்கம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் மூன்று வகைப் படம் காட்டினார்கள். ஒன்றில் சிலர் போதை எடுக்கிறார்கள். ஒன்று இயற்கைக் காட்சி. ஒன்று ஆண் பெண் உறவு. பழக்கம் உள்ளவர்களுக்குப் போதைப் படத்தைப் பார்த்தபோது மூளையில் வேலை செய்த இடங்கள், உறவுப் படத்தைப் பார்த்தபோது வேலை செய்த இடங்களோடு பெரும்பாலும் ஒத்துப்போயின. அதோடு, உறவுப் படத்துக்கு அவர்கள் மூளை மற்றவர்களைவிடக் குறைவாகவே அசைந்தது. இயற்கை இன்பத்துக்கு உரிய இடத்தைப் போதையின் தூண்டல் பிடித்துக்கொண்டது.

"பெத்த பிள்ளையை விட பாட்டில் பெருசா?" என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். பாசம் செத்துப்போகவில்லை. பாசத்தின் குரல் மெதுவாகவும் தூண்டலின் குரல் ஒலிபெருக்கி போலவும் கேட்கிற மாதிரி மூளை மாறியிருக்கிறது. இந்த மந்தம் நிரந்தரமும் இல்லை. குடியை நிறுத்தினால் மெதுவாகத் திரும்புகிறது. நாள்கணக்கில் ஆகிற காரியம் இல்லை, மாதக்கணக்கில் ஆகும்.

5. ஒரு வாய் பீர், ஒரு நொடிப் படம்

தூண்டலுக்கு எவ்வளவு பலம் என்று காட்டும் இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறோம்.

2013இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் 49 ஆண்களுக்கு, போதை ஏறாத அளவில், வெறும் 15 மில்லி பீர் சுவைக்கக் கொடுத்தார்கள். ஒரு பாலாடை அளவுதான். அந்தச் சுவைக்கே மூளையில் டோபமைன் கூடியது. குடும்பத்தில் குடிநோய் இருந்தவர்களுக்கு இன்னும் அதிகமாகக் கூடியது. "ஒரு வாய் குடிச்சா என்ன ஆயிடும்?" என்று கல்யாண வீட்டில் வற்புறுத்துகிறார்களே, அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

2008இல் அன்னா ரோஸ் சில்ட்ரெஸ் என்ற விஞ்ஞானியும் மற்றவர்களும், கொக்கெய்ன் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறும் 22 ஆண்களுக்குப் போதை சம்பந்தமான படங்களை மிக மிகக் குறைந்த நேரம் காட்டினார்கள். ஒரு நொடியை முப்பதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு நேரம். என்ன படம் என்று கண்ணுக்கே புரியாத வேகம். ஆனாலும் மூளையின் 'வேணும்' பாதை விழித்துக்கொண்டது.

"நான் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல, எப்படின்னு தெரியல, போயிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். மனசுக்குத் தெரியும் முன்பே மூளை பார்த்துவிடுகிறது.

"ரெண்டு மாசம் நல்லா இருந்தாரே" என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. நிறுத்திய நாளிலிருந்து ஆசை நாளுக்கு நாள் குறையும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் 2001இல் கொக்கெய்ன் பழகிய எலிகளிடம் செய்த சோதனையில், நிறுத்திய முதல் நாளைவிட ஒன்றிரண்டு மாதம் கழித்துத் தூண்டலைக் காட்டியபோது தேடல் கூடுதலாக இருந்தது. அதனால் இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம்தான் கவனம் அதிகம் வேண்டிய காலம். "இனி பயமில்லை" என்று நாம் கண்காணிப்பை விடுவதும் அப்போதுதான்!

6. ஊர் மாறியதும் விட்டவர்கள்

1970களின் தொடக்கத்தில் வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் ஹெராயின் போதைக்கு அடிமையாகியிருந்தார்கள். அவர்கள் ஊர் திரும்பினால் என்ன ஆகுமோ என்று அரசாங்கம் பயந்தது. லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் 100க்கு 5 பேர் அளவுதான். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள்.

இதற்குக் காரணங்கள் பல. ஒரு முக்கியமான காரணம், தூண்டல்கள் எல்லாம் அந்த நாட்டிலேயே தங்கிவிட்டன. அந்த முகாம், அந்தக் கூட்டாளி, அந்தப் பயம், எதுவும் வீட்டில் இல்லை.

நம் வீட்டுக்காரர்கள் நிலை நேர் எதிர். சிகிச்சை மையத்தில் ஒரு மாதம் இருக்கும்வரை நன்றாக இருக்கிறார்கள். அங்கே அவர்களுடைய தூண்டல் ஒன்றும் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதே நிறுத்தம், அதே டாஸ்மாக் வழி, அதே கூட்டாளி, அதே வறுத்த கடலை வாசனை. சிகிச்சை பலிக்கவில்லை என்று நாம் சொல்கிறோம். தூண்டலுக்கு நடுவில் ஆளைத் திரும்ப இறக்கிவிட்டோம் என்பதை யோசிப்பதில்லை.

7. புளியங்கொட்டைப் பயிற்சி

குழுவில் கிராம வரைபடம் வரைந்த அனுபவம் பலருக்கு உண்டு. அதே முறையில் இதையும் செய்யலாம். குடியை விட விரும்புகிறவரே உட்கார்ந்து செய்தால்தான் முழுப் பலன். சிகிச்சைக்குச் சம்மதித்தவராக இருந்தால் நல்லது. அவர் போதையில் இல்லாத காலை நேரமாகப் பாருங்கள்.

தரையில் கோலமாவால் வேலை செய்யும் இடம், வீடு, நடுவில் உள்ள வழி ஆகியவற்றை வரையுங்கள். ஆசை எழும் இடங்களில் ஒரு புளியங்கொட்டை வையுங்கள். ஆசை அதிகம் எழும் இடத்தில் மூன்று வையுங்கள். பக்கத்தில் ஒரு வாரத்தின் ஏழு நாளையும் கோடு போட்டு, நேரத்துக்கும் கொட்டை வையுங்கள். வரைந்து முடித்ததும் பெரும்பாலும் இவை தெரியவரும்:

• இடம்: கடை இருக்கும் வழி, தோப்பு, பாலத்தடி.
• நேரம்: வேலை விட்ட மாலை, சனிக்கிழமை, திருவிழா, துக்க வீடு.
• ஆள்: சேர்ந்து குடித்த கூட்டாளி, அவருடைய போன்.
• பொருள்: கையில் ரொக்கம், பிளாஸ்டிக் டம்ளர், காரம் போட்ட சுண்டல்.
• உள்ளே இருப்பவை: பசி, கோபம், தனிமை, களைப்பு.

கொட்டை அதிகம் உள்ள இரண்டு இடத்தை மட்டும் முதலில் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. வழி மாற்றலாமா? ரொக்கம் கையில் நிற்காமல் கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லலாமா? வேலை விட்டதும் வயிற்றுக்கு ஏதாவது கிடைக்க வழி உண்டா? ஆசை அலை மாதிரி எழும், சாதாரணமாக அரை மணி நேரத்துக்குள் தணியும். அந்த அரை மணியைக் கடக்க யாரோடு இருப்பார், என்ன செய்வார் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

8. மெதுவான குரலைக் கேட்க வைப்பது

தூண்டலைக் குறைப்பது பாதி வேலை. இயற்கை இன்பங்களைத் திரும்ப ருசிக்கப் பழக்குவது மறுபாதி. மூளை தூரத்து நன்மையைவிடப் பக்கத்து நன்மைக்குத்தான் உடனே அசையும். "பத்து வருஷம் கழிச்சு ஈரல் கெட்டுப்போகும்" என்ற எச்சரிக்கை, சாயங்காலம் ஆறு மணிக்கு எழும் ஆசைக்கு முன்னால் நிற்காது.

அமெரிக்காவில் நான்சி பெட்ரி என்ற விஞ்ஞானி குடிநோய்ச் சிகிச்சைக்கு வந்த 42 பேரிடம் ஒரு முறையைச் செய்து பார்த்தார். 2000இல் அது வெளிவந்தது. ஊதிக் காட்டி, குடிக்கவில்லை என்று தெரிந்தால், பாத்திரத்தில் கைவிட்டு ஒரு சீட்டு எடுக்கலாம். சில சீட்டில் சின்னப் பரிசு, சிலதில் வெறும் பாராட்டு. நாம் ஏலச்சீட்டில் குலுக்கல் போடுகிறோமே, அது மாதிரி. எட்டு வாரம் முடியும்வரை சிகிச்சையில் நின்றவர்கள், குலுக்கல் இருந்த பிரிவில் 100க்கு 84 பேர். குலுக்கல் இல்லாத பிரிவில் 22 பேர்தான்.

இதில் நமக்கு உள்ள பாடம்: சின்னது, உடனே, உறுதியாக. குடிக்காமல் வந்த அன்று மாலையே அதைக் கவனித்துச் சொல்லுங்கள். பிள்ளை நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு நட்சத்திரம் போடட்டும். ஏழு நட்சத்திரம் சேர்ந்தால் எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல சாப்பாடு. முதலில் அவருக்கு இதெல்லாம் சப்பென்று இருக்கும். காது மந்தமாக இருக்கும்போது மெல்லிய குரல் அப்படித்தான் கேட்கும். அதற்காக விட்டுவிடக் கூடாது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இதைச் செய்யாததால்தான் அவர் குடித்தார் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உதவி செய்வது நம் விருப்பம். விடுவது அவர் பொறுப்பு.

9. செய்யக் கூடாதவை

• பல வருஷமாகத் தினமும் அதிகம் குடிப்பவரை வீட்டில் அடைத்துவைத்துத் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மையில் தொடங்கி, ஓரிரு நாளில் வலிப்பும், இல்லாததைப் பார்த்துப் பிதற்றும் நிலையும் வரலாம். உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

• "தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்" என்று விற்கும் மருந்தை வாங்காதீர்கள். குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்பிராம் என்ற மருந்து உண்மையிலேயே உண்டு. அது சாப்பிடுகிறவர் அறிந்து, மருத்துவர் சொல்லி எடுக்க வேண்டியது. தெரியாமல் கொடுத்து அவர் குடித்துவிட்டால் வாந்தி, படபடப்பு வந்து, இரத்த அழுத்தம் இறங்கி உயிர் போகவும் கூடும்.

• "உன் மனசு எவ்வளவு உறுதின்னு பார்க்கலாம்" என்று பாட்டிலை முன்னால் வைத்துச் சோதிக்காதீர்கள். இதுவரை படித்ததற்கு நேர் எதிரான காரியம் அது.

• மூளை மாறியிருக்கிறது என்பது அடிப்பதற்கு அனுமதி ஆகாது. குடிக்கத் தூண்டும் ஆசை நோயாக இருக்கலாம், கை ஓங்குவது குற்றம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உதவிக்கு 181 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.

10. எங்கே போகலாம்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவைக் கேளுங்கள். ஆசையைக் குறைக்கும் மருந்துகள் இன்று இருக்கின்றன. மருந்தோடு ஆலோசனையும் தருவார்கள். போதை மீட்புக்கான இலவசத் தொலைபேசி 14446. மனநல ஆலோசனைக்கு 14416. தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104. மனைவிகளும் பிள்ளைகளும்கூடப் பேசலாம், அவர் வராவிட்டாலும் பரவாயில்லை.

ஒருமுறை சிகிச்சை எடுத்து மறுபடி குடித்துவிட்டால் எல்லாம் வீண் என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கு ஒருமுறை மாத்திரை சாப்பிட்டு நிறுத்திவிடுகிறோமா? எந்தத் தூண்டலில் தவறியது என்று பார்த்து, அங்கே ஒரு கொட்டை கூடுதலாக வைத்து, திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.

நமக்கும் இந்தப் பாடம் உண்டு

ஆண்களை மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. சாப்பிட்டுக் கை கழுவியதும் வெற்றிலையும் புகையிலையும் தேடுகிற கை நம்மில் பலருக்கு இருக்கிறது. நடவுக்கு இறங்கும் முன் ஒரு சிட்டிகைப் பொடி வேண்டும் நமக்கு. நிகோட்டினும் அதே பாதையில்தான் போகிறது. சாப்பாடு முடிந்ததும் எழுகிற ஆசை, பக்கத்தில் உள்ளவர் செல்லத்தைத் திறக்கும் சத்தம், எல்லாம் தூண்டல்தான். ஒரு வாரம் நம் புகையிலையை நிறுத்திப் பார்த்தால், அவர் குடியை நிறுத்தப் படும் பாடு கொஞ்சம் புரியும். நம் வாயும் பிழைக்கும்.

கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

1. நம் உடம்பு யோசிக்காமலே தயாராகிற வேறு எந்தெந்தச் சமயங்கள் உங்களுக்குத் தெரியும்?
2. நம் ஊரில் குடிக்கத் தூண்டும் இடங்கள் எத்தனை? அவற்றில் எதை ஊராட்சியிடம் பேசி மாற்ற முடியும்?
3. சிகிச்சை முடிந்து வருபவருக்கு முதல் மூன்று மாதம் நம் குழுக் குடும்பங்கள் சேர்ந்து என்ன உதவி செய்யலாம்?
4. கல்யாணம், காதுகுத்து, துக்கம் ஆகியவற்றில் மது ஊற்றுவதில்லை என்று நம் குழுக் குடும்பங்கள் தீர்மானம் போட முடியுமா?
5. நம் குழுவில் புகையிலை போடுபவர் எத்தனை பேர்? முதலில் யார் நிறுத்துகிறார்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். நான்காவது கேள்விக்கு உங்கள் குழு என்ன முடிவெடுத்தது என்பதை ஊக்குநர் மூலம் கூட்டமைப்புக்குத் தெரிவியுங்கள். அடுத்த இதழில் மற்றக் குழுக்களும் படிக்கட்டும்.